பவளத்துக்கும் தீட்டு உண்டு

வேங்கடசுப்ரமணியன் என்ற பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பஸ் வந்து நின்று கிளம்பியும் போய்விடும். அதனால் மாட்டுங்காவில் எல்லோருக்கும் அவன் வெங்கிட்டு. அம்மாவுக்கு மட்டும் மணி. பெயரின் நீளத்தில் பாதியாவது தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. இதை வெங்கிட்டுவே ஒப்புக்கொள்வான். தன் குறையை ஒப்புக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை; திருத்திக்கொள்வதில்தான் தகராறு.

கோட்டைப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, துணி உலர்த்த ஒரு பால்கனி. அதில் அம்மா, அவன், மனைவி ஞானா, பிறகு ஒரு கடல். கடல் இருந்தது ஹால் என்று மரியாதையாக அழைக்கப்பட்ட அந்த ஒரே அறையில், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டிக்குள். உப்புத் தண்ணீர், ஒரு பாறை, பாறைமேல் பச்சைப் பவளம். மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல் இல்லை; உயிரோடு இருப்பது. சட்டைப் பொத்தான் அளவில் நெருக்கமாக முளைத்து, விளக்குப் போட்டால் விரியும், விரல் பட்டால் சுருங்கிக்கொள்ளும். பொத்தான் பவளம் என்று வெங்கிட்டு பெயர் வைத்திருந்தான். வந்தபோது உள்ளங்கை அகலம்தான். இரண்டு வருஷத்தில் பாறையையே போர்த்திவிட்டது.

குழந்தையில்லாத வீடு. யாராவது அந்தப் பேச்செடுத்தால் வெங்கிட்டு உடனே அவர்களைத் தொட்டிப் பக்கம் திருப்பி, "பாத்தேளா, நேத்திக்கு நாலு புதுசா முளைச்சிருக்கு" என்பான். ஞானா அப்போது சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். அவனுக்கு அந்தப் பச்சைப் பாறைமேல் எவ்வளவு பிரியம் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவள் எதுவும் சொன்னதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம்மது ஹனீப் வந்தார். தாராவியில் கண்ணாடித் தொட்டி ஒட்டி விற்கிறவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடல் தண்ணீர் கேன்களோடு ஒரு பக்கெட்டையும் இறக்கினார். பாந்த்ரா கடற்கரைப் பாறையில் தண்ணீர் வடிந்திருந்தபோது பெயர்த்தது, ஊதா நிறப் பொத்தான்கள்.

"எக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் சரக்கு சார். தூக்கி உள்ள போடுங்க, பச்சைக்குப் பக்கத்துல எப்படி எடுக்கும் பாருங்க" என்றார்.

"அதெப்படி உடனே போடறது? ஆறு வாரம் தனியா வெக்கணும்" என்றான் வெங்கிட்டு.

"என்ன சார் சொல்லுதீய! கல்லுல ஒட்டிக்கிட்டுக் கெடக்கிற சாதனம். அதுக்குப் போயி ஜெயிலா?"

வெங்கிட்டுவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து பொறுக்கிய சீமைப் பத்திரிகை ஒன்றை அவன் கிழியக் கிழியப் படித்திருந்தான். பவளத்தைத் தின்னும் புழு ஒன்று உண்டு. ஓடில்லாத நத்தை மாதிரி, நகக்கண் அளவு. தின்ற பவளத்தின் நிறத்தையே தன் மேல் ஏற்றிக்கொள்ளுமாம், அதனால் கண்ணுக்கே தெரியாது. அடியில் முட்டை ஒட்டியிருந்தால் அதுவும் தெரியாது. புதுசாக வந்ததைத் தனித் தொட்டியில், தனி விளக்கு, தனிக் காற்றுப் பம்பு, தண்ணீர் மொள்ளத் தனி மக்கு வைத்து ஆறு வாரம் கவனித்த பிறகே உள்ளே சேர்க்க வேண்டும். இதையெல்லாம் அவன் ஹனீபுக்கு விளக்கி முடித்தபோது அவர் இரண்டு காபி குடித்திருந்தார்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டி பால்கனியில் ஏறியது. வேறு இடமில்லை. பாத்ரூமில் சோப்பு, சமையல்கட்டில் அம்மா. பால்கனியின் அகலத்தையே அந்தத் தொட்டி அடைத்துக்கொண்டது. இதைத் தொட்ட கையால் அதைத் தொடக்கூடாது, இந்த மக்கு அங்கே போகக்கூடாது, அந்தத் துண்டு இங்கே வரக்கூடாது என்று வெங்கிட்டு சட்டம் போட்டான். ஞானா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அம்மா முகம் மட்டும் மலர்ந்துவிட்டது.

"மடி மாதிரின்னா இருக்கு! இதைத்தானேடா நான் முப்பது வருஷமாச் சொல்றேன்? அப்பல்லாம் சிரிச்சியே."

"அம்மா, இது சயன்ஸ்."

"சரி, சயன்ஸ் மடி" என்றாள் அம்மா. சமுத்திர ஜலம் வீட்டிலேயே இருப்பதில் அவளுக்கு ஏற்கெனவே திருப்தி. அமாவாசைக்கு ஒரு சொம்பு தனியாக எடுத்து வைக்கச் சொல்வாள்.

விஷயம் இங்கேதான் சிக்கியது. அந்தப் பால்கனிக்கு ஏற்கெனவே ஓர் உபயோகம் இருந்தது. மாதத்தில் மூன்று நாள் ஞானா அங்கேதான் உட்கார வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு பாய். செம்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு வேலை. அந்த மூன்று நாளும் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஊரிலுள்ள அத்தனை பேரோடும் இடிபட்டுப் போவாள், வடாலாவில் மாறுவாள், இடிபட்டே திரும்புவாள். வாசற்படி தாண்டியதும் அம்மா புடவையை ஒதுக்கிக்கொள்வாள். ஞானா நேராகப் பால்கனி. வெங்கிட்டு இதைப் பற்றி ஆபீஸில் காரசாரமாகப் பேசுவான். இருபதாம் நூற்றாண்டிலும் இப்படியா என்று மேஜையைத் தட்டுவான். வீட்டில் மட்டும் அந்த மூன்று நாளும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான்.

தொட்டி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞானா ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்றாள்.

"நான் எங்க ஒக்காரறது?" என்றாள்.

அம்மா பால்கனியைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். "மணி, என்னடா பண்ணப்போறே?"

இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். 'அவ உள்ளயே இருக்கட்டும்.' அவ்வளவுதான். ஆபீஸில் இதைவிடப் பெரிய வாக்கியங்களை அவன் அநாயாசமாகச் சொல்லியிருக்கிறான். இப்போது சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"தொட்டியைக் காலி பண்ணிடறேன்" என்றான்.

ஊதாப் பவளத்தை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்றுதானே பத்திரிகையில் போட்டிருந்தது? அது ஞாபகம் வராதபடி பார்த்துக்கொண்டான். உப்புத் தண்ணீரில் அலசி, ஹால் தொட்டியில் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தான். ஞானா பால்கனியில் ஈரத் தரையைத் துடைத்துப் பாயை விரித்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, ஆறு வாரம்னேளே?"

"நன்னாத்தான் இருக்கு. க்ளீனா இருக்கு."

"அதுக்கு லைட்டு, காத்து எல்லாம் வெச்சிருந்தேள். அதுக்கு உள்ள இடம் தர மனசு வந்துடுத்து, எனக்குத்தான் வரலை" என்றாள் ஞானா. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வெங்கிட்டு பேப்பரை விரித்தான். அது நேற்றைய பேப்பர்.

பங்குனி பிறப்பதற்குள் பச்சைப் பொத்தான்கள் விரிய மறுத்தன. ஒரு மூலையில் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீரை மாற்றினான், விளக்கை மாற்றினான், ஹனீபைத் திட்டினான். பிறகு ஒருநாள் ஒரு பச்சைப் பொத்தான் மெதுவாக நகர்ந்தது. பொத்தான் நகராது. கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தான்: புழு. ஊதாவாக வந்தது, பச்சையைத் தின்று பச்சையாகியிருந்தது. ஒன்று தெரிந்த பிறகு எங்கு பார்த்தாலும் தெரிந்தது. இடுக்கியால் எடுத்து எடுத்துக் கை ஓய்ந்தது. முட்டைகள் பொரிந்துகொண்டே இருந்தன.

ஊதாவும் போய், கடைசிப் பச்சையும் போன அன்று வெங்கிட்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான். முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, ஒரு புழுவுக்காக. அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. ஞானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதேங்கோ. புழு ஹனீப் பக்கெட்லேருந்து வரலை. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல பயந்தேளே, அதுலேருந்து வந்தது."

வெங்கிட்டு மூக்கைச் சிந்தினான்.

சித்திரையில் ஹனீப் இரக்கப்பட்டு வேறொரு பச்சை கொண்டுவந்தார். பால்கனித் தொட்டி மறுபடி ஏறியது. சில நாளில் ஞானா மறுபடி வாசலில் நின்றாள். இந்தத் தடவை வெங்கிட்டு வாயைத் திறந்தான். திறந்தானே தவிர, வந்தது வேறு.

"அம்மா, அங்க யாரும் போகக்கூடாது. மேல துணி உரசினாக்கூட இது செத்துடும். அதனால... அதனால அவ கட்டில்லயே படுத்துக்கட்டும்."

அம்மா தொட்டியை எட்டிப் பார்த்தாள். "ஜீவனாச்சே, பாவம். போன தடவையே போயிடுத்து. சரி, சமையல்கட்டுக்குள்ள மட்டும் வரவேண்டாம்."

அன்று ஞானா விசிறிக்கு அடியில் கட்டிலில் படுத்தாள். வெங்கிட்டு ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தான். ஞானா சிரிக்கவில்லை. "எனக்காகன்னு சொல்லலையே" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு வாரம் முடிந்தது. ஒரு புழுவும் இல்லை. கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பிய ஹால் தொட்டிக்குள் பவளம் சௌக்கியமாகப் போயிற்று. இப்போது பால்கனி காலி, காரணமும் காலி. வெங்கிட்டு யோசித்தான். வாக்கியம் இன்னும் தொண்டையிலேயே இருந்தது. அதனால் பால்கனித் தொட்டியை எடுக்காமல் விட்டுவிட்டான். உள்ளே வெறும் உப்புத் தண்ணீர், ஒரு மொட்டைக் கல். பம்பு குமிழி விட்டது, விளக்கு எரிந்தது. அம்மா கேட்டால், "இன்னொண்ணு வந்திருக்கும்மா, ரொம்பச் சின்னது" என்பான். ஞானாவுக்குத் தெரியும். சிலசமயம் அந்த மொட்டைக் கல்லை எட்டிப் பார்த்து, "வளந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவாள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, தீபாவளியும் போயிற்று. இடையில் அந்த மூன்று நாளிலும் ஞானா சமையல்கட்டுக்குள் போனதை அம்மா கவனிக்கவில்லையா, கவனித்தும் பேசவில்லையா என்பதை விசாரிக்க வெங்கிட்டுவுக்குத் துணிச்சலில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, அம்மா துணி எடுக்கப் பால்கனிக்குப் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"மணி, இந்தப் பம்பை அணைடா. வெறும் ஜலத்துக்கு எதுக்குக் காத்து?"

"இல்லேம்மா, உள்ள... கண்ணுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியறது. ஆடியிலேருந்து பாத்துண்டுதான் இருக்கேன். வெறும் கல்லு." அம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ சொல்லுவே சொல்லுவேன்னு நானும் காத்துண்டே இருக்கேன். கல்யாணமானதுலேருந்து காத்துண்டிருக்கேன். வேலைக்குப் போற பொண்ணு, மூணு நாள் ஈரத்துல படுத்துண்டா பாக்கறவாளுக்கு நன்னாவா இருக்கு?"

"அப்ப நீயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நானா விட்டா, ஆசாரம் போச்சுன்னு கீழ்மாடி மாமி என்னைக் கிழிச்சுடுவா. பிள்ளை சொல்லிட்டான், நான் என்ன பண்றதுன்னு சொல்லிக்க எனக்கு ஒரு பிள்ளை வேண்டாமா? அதுக்குத்தானே பெத்தேன்?"

சமையல்கட்டு வாசலில் ஞானா கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது, சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

"தொட்டி வெறுமையா இல்லேம்மா. இத்தனை மாசமா அதுல உங்க பிள்ளையைத்தான் தனியா வெச்சிருந்தது" என்றாள்.

வெங்கிட்டு பம்பை அணைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அம்மா, ஞானா இனிமே வெளியில ஒக்கார மாட்டா" என்றான். குரல் தொட்டியைத் தாண்டவில்லை.

"என்னடா அது, முணுமுணுன்னுண்டு?" அம்மா பால்கனிக் கதவை விரியத் திறந்துவிட்டாள். "அங்க போய் நின்னுண்டு சொல்லு. கீழ்மாடி வரைக்கும் கேக்கணும்."

அவன் போய் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ஏன்னா, இன்னும் கொஞ்சம் உரக்க" என்றாள் ஞானா.