மந்திரி ஓடிய வழி

மின் நிலையத்தில் அவளுக்கு 'சத்தம் மேடம்' என்று பெயர். எங்காவது சத்தம் காதைக் கிழிக்கிறது என்று புகார் வந்தால் கம்பெனி அவளை அங்கே அனுப்பும். குறைத்துக் கொடுத்ததும் வேறு ஊர். நாற்பதை நெருங்கிவிட்டாள். எந்த ஊரிலும் இரண்டாவது தலையணை வாங்கியதில்லை.

இங்கே வந்த மறுவாரமே அது நடந்தது. டர்பைன் திடீரென்று நின்றுவிட, போக இடமில்லாமல் கொதிகலனில் நீராவி முட்டியது. பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, கூரைக்குழாய் வழியாக அத்தனையும் வெளியே சீறியது. குழாயின் தலையில் சைலன்சர் இருக்கத்தான் செய்தது. பைக்கில் இருப்பது போலத்தான், ஆனால் ஒரு லாரி உயரம். உள்ளே அடைத்த பஞ்சு எப்போதோ பிய்ந்து பறந்துவிட்டதால் அது சும்மா ஒப்புக்கு நின்றுகொண்டிருந்தது. மதிலோரத் தெருவில் ஜன்னல்கள் கடகடவென்று ஆடின.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே ஒரு பெரியவர் நிலைய வாசலில் வந்து நின்றார். மதிலை ஒட்டிய தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. காவலாளி அவரை அவளிடம் தள்ளிவிட்டான்.

"கண்ணாடி ஏதாவது உடைஞ்சுதா ஐயா?"

"கண்ணாடி கிடக்கட்டும்மா. மந்திரியைக் காணோம்."

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"நாய்ம்மா. ஒரு வேலையும் செய்யாது, வாசல்ல உக்காந்து போறவங்க வர்றவங்களைப் பாத்துட்டே இருக்கும். அதான் அந்தப் பேரு. நேத்து நீங்க போட்ட சத்தத்துல கயித்தை அத்துக்கிட்டு ஓடிட்டான்."

"நஷ்ட ஈடு கேட்டு ஒரு மனு..."

"அதெல்லாம் வேணாம். கூட வந்து தேடுங்க. என் காலு முன்ன மாதிரி இல்ல."

அது அவள் வேலை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறு வேலையும் இருந்ததில்லை.

கம்பெனி ஜீப்பில் தெருத்தெருவாகப் போனார்கள். தையல்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பேசினார்.

"பொண்டாட்டி போனப்புறம் வீட்ல நான் வாயைத் திறக்கிறதே அவன்கிட்டதான். துணி வெட்டும்போது, 'கை நீளம் சரியாடா'ன்னு கேப்பேன். பதில் வராது. ஆனா காதைத் தூக்கிப் பாப்பான்."

வேலை சம்பந்தமில்லாமல் தான் கடைசியாக யாரிடம் பேசினோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

பாலம் தாண்டி ஒரு சைக்கிள் கடை வாசலில் மந்திரி கிடைத்தது. கடைக்காரரின் மகள் அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். பெரியவரைக் கண்டதும் அது துள்ளி வந்து அவர் கையை நக்கியது. சமர்த்தாக ஜீப்பில் ஏறியது. மின் நிலையத்து மதில் கண்ணில் பட்டதுதான் தாமதம், உடம்பெல்லாம் வெடவெடக்க சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. அவர் தூக்கப் பார்த்தார். அவரிடம் ஒருநாளும் பல்லைக் காட்டாத நாய் உறுமியது.

பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். "திரும்பக் கொண்டுபோய் விட்ருவோம்மா. பயந்துக்கிட்டு எப்படி இருப்பான்?"

மறுநாளிலிருந்து அவள் சைலன்சரே கதியென்று கிடந்தாள். பழையதையே ஒட்டுப்போட்டால் போதும் என்றார் ஷிஃப்ட் இன்ஜினியர்.

"சட்டத்துக்கு அது போதும் மேடம். அதுக்கு மேல யாருக்கு?"

"ஒரு நாய்க்கு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. புதிது வேண்டும் என்று மேலிடத்தில் மல்லுக்கட்டி வாங்கினாள். நீராவி முதலில் பொடிப்பொடித் துளைகளில் சிதறி வேகம் இழக்கும். பிறகு பஞ்சு பொதிந்த சுவர்களுக்கு நடுவே தவழ்ந்து வெளியேறும். கிரேன் வைத்து ஏற்றினார்கள்.

சோதனை நாளில் அவள் கூரைக்குப் போகவில்லை. அளவுக் கருவியோடு தையல் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, போனில் வால்வைத் திறக்கச் சொன்னாள். பெரியவர் கத்தரியைக் கீழே வைத்தார். மதிலுக்கு மேலே வெள்ளையாக மேகம் எழுந்தது. பக்கத்து அறையில் யாரோ துணி கிழிப்பது போல ஒரு சத்தம்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஐயா."

"அப்ப போய் அவனைக் கூட்டிட்டு வந்துருவோம்."

இந்த முறை மந்திரி சற்றுத் தயங்கினாலும் இறங்கியது. வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் மோந்து பார்த்துவிட்டு மெஷின் அடியில் படுத்தது. பெரியவர் பேசிக்கொண்டே தைத்தார். அவ்வளவு பேச்சை அவரிடம் அவள் கேட்டதில்லை.

சாயங்காலம் அது எழுந்து வாசலுக்குப் போனது. பாலம் இருக்கும் திசையைப் பார்த்து முனகத் தொடங்கியது. அழைத்தால் வாலை ஆட்டியது, உள்ளே வரவில்லை.

"அந்தப் பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரம்," என்றார் பெரியவர்.

"இப்பதான் சத்தம் இல்லையே. ரெண்டு நாள் வெச்சுப் பாருங்களேன்."

"அன்னைக்குப் பயந்து ஓடினான். இன்னைக்கு அவனா போறான். நாம என்னம்மா செய்ய முடியும்?"

அவரே கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது தெருமுனையில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தது, பிறகு போய்விட்டது. அவர் ஊசியில் நூல் கோக்க முயன்றார். கண் பிடிக்கவில்லை. அவள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதமே மாற்றல் வந்தது. புது ஊரில் முதல் ஞாயிறு. பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"சைக்கிள் கடைக்குப் போயிட்டு வந்தேன். நல்லா குண்டாயிட்டான். மந்திரின்னா அப்படித்தானே," என்றார் பெரியவர். பிறகு, "சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன் ஐயா."

"என்ன சாப்ட்ட?"

"சோறு..."

"பொய். அடுப்பே பத்த வெச்சிருக்க மாட்ட."

அவள் போனைக் காதில் இடுக்கியபடி எழுந்து, எந்தப் பெட்டியில் பாத்திரம் இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள். அந்தப் பக்கம் அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.