அக்காவுக்கு ஒரு ஸ்வெட்டர்

ஸ்பெயினுக்குப் பார்சல் அனுப்புகிறவர் ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதில் பொருளின் பெயரும் ஆளின் பெயரும் வரக்கூடாது. வந்தால் எடை கூடிவிடும்.

என் அக்கா அங்கே ஒரு மடத்தில் சிஸ்டராக இருக்கிறாள். குளிரில் விரல் மடங்கவில்லை, ஜெபமாலை உருட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தாள். நானே ஒரு ஸ்வெட்டர் பின்னினேன்.

பார்சல் ஆபீஸின் முதல் கவுண்டரில் இருந்தவர், "எதை?" என்றார்.

"ஸ்வெட்டர்."

அதை வாங்கிக்கொண்டு ஒரு பித்தான் தந்தார். அதில் 'லோ' என்று எழுதியிருந்தது. "இனிமே இதுதான் அது" என்றார்.

இரண்டாவது கவுண்டருக்குப் போகும் நடை, நடக்க நடக்க நீண்டது. மதியச் சாப்பாட்டை வழியிலேயே முடித்தோம். எனக்கு முன்னால் என் தோள் உயரமே இருந்த மெற்றில்டா என்ற அம்மாள் போனார். நெத்திலி ஊறுகாயைக் கொடுத்து அவரும் ஒரு பித்தான் வாங்கியிருந்தார். அவருடைய மகனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை.

"அடுத்த கவுண்டர்ல ஆளு பேரக் குடுத்துட்டு 'லே' பித்தான் வாங்கணுமாம் தம்பி, 'அவுகளுக்கு'ன்னு அர்த்தமாம். குடுத்துட்டா நம்ம ஆளு பேரு நமக்கே மறந்துருமாம்."

"அப்புறம் எப்படிம்மா போய்ச் சேரும்?"

"எனக்கும் அதான் வெளங்கல. ஒண்ணு செய்வோமா? எம்புள்ள பேர நீ வச்சுக்க. ஒங்கக்கா பேர நான் வச்சுக்குதேன். அடுத்தவங்க பேர எடுக்க மாட்டாங்க பாத்துக்க."

ஆண்டவரே அனுப்பிய ஆள் என்று நினைத்தேன். அவர் காதில் அக்காவின் பெயரைச் சொன்னேன். அவர் என் காதில், "கஸ்மீர்" என்றார்.

இரண்டாவது கவுண்டரில், "யாருக்கு?" என்றார்கள். சொன்னேன். 'லே' பித்தான் வந்தது. அக்காவின் பெயர் போய்விட்டது. பல் விழுந்த இடத்துக்குப் போவது போல நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.

மூன்றாவது கவுண்டரில் ஒரு பெண் இருந்தார். இரண்டு பித்தானையும் மேஜையில் சேர்த்து வைத்தார். லே உருண்டு கீழே விழுந்தது.

"ஸ்பானிஷ்ல ரெண்டும் பக்கத்துல நிக்காது சார். லேயை எடுத்துட்டு 'செ' வைக்கிறேன்."

"செ-ன்னா யாரு?"

"அவன், அவ, அவங்க, நீங்க. யாரா வேணா இருக்கலாம். அதனால லேபிளுக்கு ஒரு பேரு சொல்லுங்க."

"பேரு வரக்கூடாதுன்னாங்களே?"

"வாக்கியத்துலதான் வரக்கூடாது. லேபிள்ல பேரு இல்லாம எப்படி சார்?"

"எங்கக்கா பேரு மெற்றில்டா அம்மாகிட்ட இருக்கு. இப்பதான் எனக்கு முன்னால வந்தாங்க."

"அவங்களா? ஒரு சிஸ்டர் பேரைச் சொன்னாங்க. ஒட்டப் போனேன். முன்னப்பின்ன தெரியாத பொம்பளைக்கு நான் ஏன் ஊறுகா குடுக்கணும்னு சத்தம் போட்டு, பாட்டிலைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

எனக்கு ஆத்திரமாக இருந்தது. கஸ்மீரை அப்படியே விழுங்கிவிட நினைத்தேன். பாதி தொண்டைக்குள் இறங்கியும் விட்டான். ஆனால் துறைமுகத்திலும் குளிர் இருக்கும்.

"கஸ்மீர்" என்றேன்.

அந்தப் பெண் எழுதி ஒட்டினார். "செ லோ என்வியோ. 'அவருக்கு அதை அனுப்புறேன்'னு அர்த்தம். எங்கே, நீங்க சொல்லுங்க."

"செ லோ என்வியோ."

ஸ்வெட்டர் சுவரில் இருந்த ஓட்டைக்குள் போகத் தொடங்கியது. அக்கா என்னைவிட உயரம். அவள் அளவுக்குத்தான் பின்னியிருந்தேன்.

"கைப்பகுதியை ரெண்டு மடிப்பு மடிச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றேன்.