குறைந்தபட்சம் ஐந்து பேர்

காலை ஒன்பதே காலுக்கு இயற்பியல் வகுப்பு தொடங்கியது. மாணவர்களில் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

அவர் பள்ளிப் பேருந்தின் டிரைவர். அவருக்கு அடுத்து பி.டி. மாஸ்டர். அடுத்து ஒரு தையல்காரி. அவளுக்கு அடுத்து அவளுடைய தம்பி. கடைசி நாற்காலியில் தையல்காரியின் மகள். அந்த அறையில் உண்மையான மாணவி அவள் ஒருத்திதான். டிரைவர் அவளுக்கு ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தார்.

பள்ளிக்கூடம் சிறியது. மேல்வகுப்பில் இயற்பியல் கேட்டவள் அவள் மட்டும். மற்றவர்கள் வணிகவியல் எடுத்தார்கள். அதற்கு வாத்தியார் இருந்தார், அதுதான் காரணம். இயற்பியல் வாத்தியார் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் பேருந்தைவிட்டு இறங்கினார், சுற்றிப் பார்த்தார், அதே பேருந்தில் ஏறிக்கொண்டார். இயற்பியல் இல்லாமல் எந்தப் பொறியியல் கல்லூரியும் அவளுக்கு விண்ணப்பம்கூடத் தராது.

அப்போதுதான் எல்லையில்லா வகுப்பறைத் திட்டம் வந்தது. கணினிகள், ஓர் ஆன்டெனா, வாசலில் கட்ட ஒரு பேனர். தொலைவிலுள்ள நகரத்திலிருந்து ஓர் ஆசிரியர் திரையில் பாடம் நடத்துவார். எல்லையில்லா வகுப்பறைக்கு ஓர் எல்லை இருந்தது. குறைந்தபட்சம் ஐந்து மாணவர்கள் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும்.

தலைமையாசிரியை திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தார். பிள்ளைகள் குறைவாக இருக்கும் பள்ளிகளுக்காகத்தானே இந்தத் திட்டம் என்று கேட்டார். ஆமாம், அதனால்தான் ஐந்து பிள்ளைகள் இருந்தால் போதும் என்கிறோம் என்றார்கள்.

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். டிரைவர் பேருந்து நிழலில் படுத்திருந்தார். பி.டி. மாஸ்டர் ஆளில்லாத மைதானத்தில் விசில் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள்.

மூன்றாவதாகத் தையல்காரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் விரல்களில் நூல் ஒட்டியிருந்தது.

“நான் அஞ்சாவதோட நின்னவ டீச்சர். எனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரிய வேண்டாம். உட்கார்ந்திருந்தா போதும். இங்க பாதிப் பேரு அதைத்தான் பண்றாங்க.”

அவள் மகளுக்காக ஒப்புக்கொண்டாள். தம்பியையும் இழுத்துவந்தாள். அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். பத்து வருடங்களாக அந்த ஒரு வேலையை விடாமல் செய்துவந்தான். நாற்காலிக்கு மெத்தை உண்டா என்று மட்டும் கேட்டான்.

முகம் தெரிய வேண்டும் என்பது இன்னொரு விதி. தலைமையாசிரியை தலைக்குத் தடவும் எண்ணெயில் விரலை நனைத்து, ஒவ்வொரு கேமராவின் மேலும் ஒரு சொட்டு வைத்தார். எல்லாரும் பனிமூட்டத்தில் இருப்பதுபோல் தெரிந்தார்கள். திரையிலிருந்த ஆசிரியர், இணைப்பு மந்தமாக இருக்கிறது என்று வருத்தப்பட்டுப் புகார் எழுதினார். பெரிய ஆன்டெனா வந்தது. முகங்கள் தெளியவில்லை. இன்னும் பெரிய ஆன்டெனா வந்தது. பள்ளிக்கூடத்தைவிட அது உயரமாக இருந்தது. பறவைகள் உட்கார்ந்தன.

முதல் பாடம் நிலைமம். ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்க விரும்பும் என்றார் ஆசிரியர். தையல்காரியின் தம்பிக்கு அது உடனே புரிந்தது. ஆனால் பாடத்தின் முடிவில் கேள்விகள் வந்தன. ஐந்தில் நான்கு பேர் தேறினால்தான் அடுத்த பாடம் திறக்கும். யாரையும் பின்தங்க விடுவதில்லை என்பது திட்டத்தின் கொள்கை. அதனால் ராக்கெட்டும் முன்னால் போக முடியவில்லை. மறுநாள் நிலைமம். அதற்கு மறுநாளும் நிலைமம். ஒரு மாதம் நிலைமமே ஓடியது.

தேர்வு யாருக்காகவும் காத்திருக்காது. அவள் எழுந்தாள். நாற்காலிகளுக்குப் பின்னால் ஓடி ஓடி எல்லாருடைய விடைகளையும் தானே அழுத்தினாள். ஐவரும் முழு மதிப்பெண் பெற்றார்கள். ஐவரும் காப்பியடித்ததாக எச்சரிக்கை வந்தது.

அதன் பிறகு அவள் தவறுகளைப் பங்கிட்டாள். டிரைவருக்கு ஒன்று, மாஸ்டருக்கு இரண்டு, அம்மாவுக்கு ஒன்று, மாமாவுக்கு மூன்று. சரியான விடையைவிட நம்பும்படியான தவறான விடையைத் தேடுவதுதான் கடினமாக இருந்தது. அதற்காகவே அவள் பாடத்தை இரண்டு மடங்கு படித்தாள். வகுப்பு நகர்ந்தது. வெப்பம் வந்தது. ஒளி வந்தது.

மாமா ஒருநாள் மவுஸைக் கையால் மூடிக்கொண்டான்.

“நேத்தும் நான்தான் கடைசி. இன்னிக்கும் நானா? எனக்கும் மானம் மரியாதை இருக்குல்ல?”

“மாமா, யாராவது கடைசியா இருக்கணும். இல்லன்னா சந்தேகப்படுவாங்க.”

“டிரைவர் அண்ணன் இருக்கட்டும். அவரு பார்க்கவே ஃபெயிலானவர் மாதிரிதான் இருக்காரு.”

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. “நான் லைசென்ஸ் டெஸ்ட்லேயே ஒரே தடவைல பாஸ் தம்பி. நீ எந்த டெஸ்ட்ல பாஸ்?”

“அக்கா, நீயே சொல்லு. உன் மார்க்கு மட்டும் எப்படி எகிறுது? உனக்கும் அவதானே அமுக்குறா?”

“என் பொண்ணு அமுக்குறா. அது என் மார்க்குடா” என்றாள் தையல்காரி.

கடைசி இடம் முறைவைத்துச் சுற்றிவரும் என்று முடிவாயிற்று. தன் முறை வந்த நாளில் பி.டி. மாஸ்டர் விடுப்பு எடுக்கப் பார்த்தார். விடுப்பு எடுத்தால் இணைப்பு போய்விடும் என்று ராக்கெட் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் வந்தார். கடைசியாக வந்தார். அன்று முழுக்க விசிலைத் தொடவில்லை.

சிறிய பள்ளிகளிலேயே அதிக முன்னேற்றம் கண்டது இந்தப் பள்ளிதான் என்று அலுவலகம் கண்டுபிடித்தது. ஓர் இயற்பியல் ஆசிரியரைத் தாருங்கள் என்று தலைமையாசிரியை வருடந்தோறும் அனுப்பும் மனுவுக்கு முதல் முறையாகப் பதில் வந்தது. இவ்வளவு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தேவையில்லை என்பது நிரூபணமாகிவிட்டது என்று அதில் இருந்தது.

மின்னோட்டப் பாடம் நடந்துகொண்டிருந்த வாரத்தில் திட்ட இயக்குநர் வந்தார். சொல்லாமல் வருவது அவர் வழக்கம். கூடவே ஒரு புகைப்படக்காரர். தலைமையாசிரியை வாசலில் குறுக்கே நின்று, பள்ளியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். இயக்குநர் அந்த அம்மாளைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

திரையில் ஆசிரியர் மின்தடையை விளக்கிக்கொண்டிருந்தார். ராக்கெட்டின் கை மாமாவின் மவுஸின் மேல் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

இயக்குநர் டிரைவரின் மீசையைப் பார்த்தார்.

“நீங்க எந்த வகுப்பு?”

“பதினொண்ணு மேடம்.”

“எத்தனை வயசு?”

“நாப்பத்தி ரெண்டு.”

பி.டி. மாஸ்டர் எழுந்து விறைப்பாக நின்றார். மாமா நாற்காலியில் முடிந்த அளவு கீழே சரிந்தான். இயக்குநர் தையல்காரியிடம் வந்தார். இங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அவள் மகளைப் பார்த்தாள். இந்த ஒரு பதிலில் மகளின் கல்லூரி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

“நெறைய மேடம்” என்றாள். “கரன்ட்டு எப்பவும் தடை கம்மியா இருக்கிற பக்கந்தான் அதிகமா போகும்.”

தினமும் காதில் விழுந்தது வாயில் வந்துவிட்டது. இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வராந்தாவுக்குப் போய்த் தலைமையகத்துக்குப் போன் செய்தார்.

எல்லாம் முடிந்தது என்று எல்லாருக்கும் தோன்றியது. தலைமையாசிரியை காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். என் வேலை போனாலும் போகட்டும், பரீட்சை வரைக்கும் விட்டிருக்கலாம் என்றார். ராக்கெட் திரையிலிருந்ததை எல்லாம் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் காந்தவியல் பாக்கி. அணு பாக்கி. பேனா தாளைக் கிழித்தது. அடுத்த பக்கத்தில் எழுதினாள்.

இயக்குநர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். குடும்பத்தையும் தொழிலையும் சுமந்துகொண்டு இந்த வயதில் இயற்பியல் படிப்பவர்களைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். இத்தனை நாளும் திட்டம் தவறான ஆட்களைத் தேடியிருக்கிறது என்றார். இன்று முதல் இது முதியோர் எல்லையில்லா வகுப்பறை. நாட்டிலேயே முதலாவது. கணினி, ஆன்டெனா, திரையிலிருக்கும் ஆசிரியர் எல்லாம் அதற்கே. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் சேரலாம். பள்ளி மாணவர் பிரிவு இன்றோடு மூடப்படும். குறைந்தபட்ச எண்ணிக்கையும் நான்காகக் குறைக்கப்பட்டது. இந்த அறைக்காகவே கேட்டு வாங்கியதாகப் பெருமையோடு சொன்னார்.

டிரைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். புகைப்படக்காரர் அவரைத் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். மாஸ்டரை வலப்பக்கம். அக்காவையும் தம்பியையும் இடப்பக்கம். மாமாவை நிமிர்ந்து நிற்கச் சொன்னார், அவன் நிமிரவில்லை. பின்னால் இன்னும் எழுதிக்கொண்டிருந்த ஒரு தலை படத்தில் விழுகிறது என்று முறையிட்டார்.

இயக்குநர் எட்டிப் பார்த்தார்.

“பெரியவங்க படிக்கிற எடத்துல இந்தப் பொண்ணுக்கு என்ன வேலை?”