ஒரு தீக்குச்சிப் புகை

டீச்சருக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அது அவளுக்குப் பெருமை. இந்த இரண்டு மாதமாக அதனாலேயே நிம்மதி போச்சு. குளியலறைக் கதவைத் திறந்தால் போதும், சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை ஒளிந்துகொண்டிருக்கும். சிகரெட்!

வீட்டில் இருப்பதே மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கும் அவள், சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் புருஷன், புதிதாக வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் மகள். இதில் யார் மேல் சந்தேகம் வரும், நீங்களே சொல்லுங்கள். பத்து வயதிலேயே தாயக்கட்டை உருட்டுவதுபோல் சிகரெட்டை விரலில் உருட்டிப் பழகின மனுஷன் அவள் புருஷன். போன வருஷம்தான் இடது நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்தார்கள். "இனி ஒரே ஒரு சிகரெட் பிடிச்சாலும் என்கிட்ட வந்து நிக்காதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "என் பொண்ணு மேல சத்தியமா விட்டுட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னார் புருஷன். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் டீச்சர் இத்தனை நாள் தூங்கினாள்.

இப்போது தூக்கம் எங்கே வரும்? அவர் சட்டையைத் துவைக்கப் போடும் சாக்கில் முகர்ந்து பார்த்தாள். கிரீஸ் நாற்றம்தான் அடித்தது. பையைத் துழாவினாள். இரண்டு நட்டும் ஒரு வால்வு டியூபும் கிடைத்தன.

"என்ன டீச்சரம்மா, மோப்ப நாய் வேலைக்கு மனு போட்டிருக்கியா?" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனம் இல்லாதவன் இவ்வளவு சுத்தமாகச் சிரிப்பானா?

அந்த வாரம் வகுப்பில் மேகம் எப்படி உண்டாகிறது என்ற பாடம். டீச்சர் அதைப் புத்தகம் பார்த்து நடத்தமாட்டாள். ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அடியில் கொஞ்சம் வெந்நீர், வாயில் ஒரு ரப்பர் அடைப்பான், அதில் புருஷன் கடையிலிருந்து கடன் வாங்கிய சைக்கிள் பம்ப். காற்றை அடித்து ஏற்றிவிட்டு அடைப்பானைப் படாரென்று பிடுங்குவாள். உள்ளே நெருக்கிக்கொண்டிருந்த காற்று விரியும், விரிந்ததும் குளிரும்.

"வானத்துலயும் இதேதான். சூடான காத்து மேல போகப் போக விரியுது, விரிஞ்சா குளிருது. இப்ப மேகம் வரணுமே, வந்துச்சா?"

"மங்கலா இருக்கு டீச்சர்."

"ஏன்னா ஆவி இருந்தா மட்டும் பத்தாது, குளிரும் பத்தாது. ஆவி துளியா மாறணும்னா அதுக்கு உக்கார ஒரு தூசி வேணும். பஸ்ஸுல சீட்டு மாதிரி."

ஒரு தீக்குச்சியைக் கிழித்து அணைத்து, அதன் புகையை பாட்டிலுக்குள் விடுவாள். மறுபடி பம்ப், மறுபடி படார். இந்தத் தடவை பால் பொங்கினதுபோல் உள்ளே வெள்ளையாக நிற்கும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். தீக்குச்சிகூட வீணாகக்கூடாது டீச்சருக்கு. அடுத்த வகுப்புக்கு அதே புகை ஆகட்டும் என்று பாட்டிலை இறுக மூடி வைத்துவிடுவாள். ஒரு குச்சிப் புகையில் மூன்று வகுப்பை ஓட்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

அன்றைக்குக் கடைசி வகுப்பு முடிந்தபோதுதான் மண்டையில் பொறி தட்டியது. சிகரெட் பிடித்தவன் நெஞ்சில் கொஞ்ச நேரத்துக்காவது புகை மிச்சம் இருக்குமே. அவன் இந்த பாட்டிலுக்குள் ஊதினால்? அட, இத்தனை நாள் சட்டையை முகர்ந்துகொண்டு திரிந்தேனே, மக்கு! பாட்டிலும் பம்பும் பைக்குள் ஏறின.

சாயங்காலம் மகள் முதலில் வந்தாள். குளித்துவிட்டு அறையில் தலை சீவிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே கடையைச் சாத்திவிட்டு வந்த புருஷன் கை கழுவக் குளியலறைக்குள் போனார். அவர் வெளியே வரக் கதவு திறந்ததும் அந்த வாசனை கூடம் வரை வந்தது. டீச்சர் பாட்டிலோடு குளியலறை வாசலிலேயே நின்றாள்.

"ஊதுங்க."

"என்னது இது?"

"ஊதுங்கன்னா ஊதுங்க."

ஊதினார். அடைத்தாள், அடித்தாள், பிடுங்கினாள். படார்! பாட்டில் முழுக்க வெள்ளை.

"என்னங்க இது?" என்று கேட்டபோது குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

அவர் பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் அவள் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தார். தப்பி ஓட வழி பார்க்கிறார் என்று நினைத்தாள் டீச்சர்.

"ஆமா. நான்தான். எப்பவாவது ஒண்ணு."

"எப்பவாவதா? உங்களுக்கு இருக்கிறதே ஒண்ணரை நுரையீரல்! நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சீங்களா? பெத்த பொண்ணு மேல சத்தியம் பண்ணீங்களேங்க!"

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பயத்தில் வந்த அழுகை அது, கோபமெல்லாம் கூடத்திலேயே தீர்ந்துவிட்டது.

பாட்டில் அடுப்பு மேடையில் நின்றது. அந்தப் பாழாய்ப்போன மேகத்தை இன்னொரு தரம் பார்த்தாக வேண்டும்போல் ஆத்திரமாக வந்தது. அடைப்பானைச் செருகி அடித்தாள், பிடுங்கினாள். வெள்ளை. மறுபடி அடித்தாள். மறுபடி வெள்ளை. மூன்றாம் தடவை கை பாதியிலேயே நின்றது.

இப்போது யாரும் ஊதவில்லையே?

பகீரென்றது. நாளைக்குக் காலை வகுப்புக்கு ஆகட்டும் என்று தன் கையாலேயே இறுக மூடி வைத்த தீக்குச்சிப் புகை! வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தும் வாய்க்குத் தன் பாட்டிலைக் கழுவத் தெரியவில்லை. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவர் பிடிக்காமலே இருந்திருக்கலாம்! பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி ஊற்றினாள். புது வெந்நீர் விட்டாள்.

பாட்டிலோடு கூடத்துக்குப் போகும் பாதி வழியில்தான் அந்தச் சந்தேகம் வந்தது. பிடிக்காத மனுஷன் எதற்காக ஒத்துக்கொண்டார்?

"ஊதுங்க."

"அதான் ஒத்துக்கிட்டேனே, விடேன்" என்றார். மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறவர்களை வகுப்பில் தினமும் பார்க்கிறவள் அவள். இவர் மாட்டாமல் போய்விடுவோமோ என்று பயந்தார்.

"ஊதுங்கன்னு சொல்றேன்ல."

ஊதினார். படார். உள்ளே லேசான மங்கல், அதுவும் உடனே கலைந்தது. பாட்டிலின் அந்தப் பக்கம் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"அப்புறம் ஏங்க நான்தான்னு சொன்னீங்க?"

அவர் கண் மறுபடி அவள் தோளுக்குப் பின்னால் போனது. இந்தத் தடவை டீச்சரும் திரும்பிப் பார்த்தாள்.

அறை வாசலில் மகள் நின்றாள். கையில் சீப்பு அப்படியே இருந்தது.

அவள் குளித்து இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. நெஞ்சில் புகை மிச்சம் இருக்காது, ஊதினாலும் ஒன்றும் தெரியாது. டீச்சருக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் பாட்டிலை நீட்டினாள். தன் பெண் அதை வாங்கி, சிரித்துக்கொண்டே ஊதிவிட்டால் போதும் என்று இருந்தது.

"அவள விடு, சின்னப் பொண்ணு. நான் பேசிட்டேன், விட்டுடறேன்னு சொல்லியிருக்கா" என்று முனகினார் அவர்.

மகள் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். சட்டைக்குள் தையல் போட்ட இடம் அவளுக்கும் தெரியும். பாட்டிலை வாங்கி, ஊதாமல், அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"வேண்டாம்மா. வெள்ளையாத்தான் வரும்."