ஹைரோ எறியும் நாளின் விலை

தம்பி ஹைரோ பந்தெறியும் நாட்களில் மட்டும் தன் கணக்கு ஏன் கவிழ்கிறது என்று நெரெய்டாவுக்குப் பிடிபடவில்லை. சான் பெட்ரோவின் சந்தைத் தெருப் பந்தயக் கடையில், குளிர்காலப் பேஸ்பால் ஆட்டங்களுக்கு விலை போடுகிறவள் அவள். மற்ற ஆட்டங்களில் கடைக்குச் சின்னதாக, ஒழுங்காக லாபம் வந்தது. ஹைரோ எறிந்த நான்கு ஆட்டங்களிலும் கடை கையைச் சுட்டுக்கொண்டது. நான்குக்கும் அவள் போட்டது எல்லாருக்கும் போடும் அதே கணக்கு.

கணக்கு இப்படி. இதே ஆட்டம் நூறு முறை நடந்தால் ஓர் அணி எத்தனை முறை ஜெயிக்கும் என்று விலை போடுகிறவர் சொல்ல வேண்டும். முதலில் இரு அணிகளின் மட்டையாட்டத்தை எடைபோடுவார்கள். சொந்த மைதானத்துக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். கடைசியில், எல்லாவற்றையும்விடக் கனமாக, அன்று எறியப்போகிறவன். அறுபது முறை என்று வந்தால், அந்த அணிமேல் நூறு பெசோ ஜெயிக்க நூற்றைம்பது கட்ட வேண்டும். எதிரணிமேல் நூறு கட்டி ஜெயித்தால் நூற்றைம்பது கிடைக்கும். இரு பக்கமும் சில பெசோக்களை நறுக்கிக்கொள்வது கடையின் பங்கு. விலை சரியாக இருந்தால் யார் ஜெயித்தாலும் நாளாவட்டத்தில் கடை பிழைத்துவிடும். தவறாக இருந்தால் தெரு மோப்பம் பிடித்துவிடும்.

தெரு பிடித்துவிட்டிருந்தது. ஹைரோ எறியும் நாளில் வரிசை தெருமுனைவரை நின்றது. ரொட்டிக் கடைக்காரர் கூச்சமே இல்லாமல் சன்னலில் காசை வைத்தார்.

“உன் தம்பிக்காக மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்திட்டுத்தாம்மா வரேன். காசை மட்டும் எதிரணிமேல போட்டுக்கோ.”

“மெழுகுவத்திக் காசையும் சேத்துக் கட்டியிருக்கலாமே, ஐயா?” என்றான் சீட்டு எழுதும் வில்டன்.

வரிசையே சிரித்தது. முதலாளி தோன் ஃபாபியோ சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் நெரெய்டாவிடம் வந்தார்.

“கோவிச்சுக்காதம்மா. ஞாயித்துக்கிழமை மறுபடி உன் தம்பிதான் எறியுறான். அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா விலைப் பலகையை உன் கையிலேர்ந்து எடுத்துடுவேன். தலைநகர் விலையை போன்ல கேட்டு எழுதிக்கலாம். நீ பழையபடி சீட்டு கிழி.”

பல வருடம் சீட்டு கிழித்த பிறகே பலகையில் விலை எழுதும் சாக்குக்கட்டி அவள் கைக்கு வந்தது. அந்தத் தெருவில் வேறெந்தக் கடையிலும் ஒரு பெண் பலகை எழுதியதில்லை.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்காகக் கடையை மூடியதும், கணக்குத் தாளை வில்டன் முன் வைத்தாள். அவன் சோற்றில் சிவப்பு பீன்ஸைப் பிசைந்துகொண்டே பார்த்தான்.

“தம்பின்னு ஒரு புள்ளிகூடக் கூட்டலடா. நீயே பாரு.”

“இங்க நாலு கூட்டியிருக்கியே, இது என்னக்கா?”

“தோள் நல்லா இருக்கு. அதுக்கு.”

“யாரு சொன்னா?”

“அவன்தான். பஞ்சு மாதிரி இருக்குன்னான். நல்லாத் தூங்குறானாம்.”

“சரி. எதிரணிக்காரன் நல்லாத் தூங்குறானா?”

“அது எனக்கெப்படித் தெரியும்?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மற்ற எல்லாரையும் மைதானத்தில் நடந்ததை வைத்து எடைபோட்டிருந்தாள். ஹைரோவுக்கு மட்டும் அவன் வாயிலிருந்து வந்த செய்தியும் சேர்ந்திருந்தது. அந்தச் செய்தி ஒருநாளும் கெட்டதாக வந்ததில்லை. முப்பத்தைந்து வயதில் சொந்த ஊர் அணியில் எப்படியோ ஒட்டிக்கொண்டிருப்பவன், தோள் வலிக்கிறது என்று யாரிடம் சொல்வான்?

“நாலை எடுத்துட்டா சரியாயிடுமில்ல?” என்றான் வில்டன்.

“ஆகாது. மிச்சத்தையும் நான்தானே போட்டேன்? அவன் அடி வாங்கினப்போ காத்து அடிச்சுதுன்னு எழுதியிருக்கேன். மத்தவனுக்குக் காத்தைப் பத்தி நெனச்சே பாக்கல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ ஒண்ணு செய். பந்து எறியுறவங்க ஒவ்வொருத்தனையும் தனித்தனி அட்டையில எழுது. பேரைச் சொல்லாம படி. ரன் வேணாம், ஹைரோ கொடுத்த ரன் எனக்கு மனப்பாடம். நூறு பேருக்கு எறிஞ்சா எத்தனை பேரைத் தானே அவுட்டாக்குறான், எத்தனை பேரைச் சும்மா நடக்க விடுறான், அதை மட்டும் படி” என்றாள்.

நான்கு பந்துகள் குறி தவறினால் மட்டையாளர் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்துபோகலாம். அதற்குக் காற்றைக் குறை சொல்ல முடியாது, பந்தைத் தவறவிட்ட தோழனையும் சொல்ல முடியாது. எறிந்தவன் கையின் கணக்கு அது.

வில்டன் திரும்பி நின்று அட்டைகளைக் கலைத்தான். அவன் படிக்கப் படிக்க, பத்துக்கு ஆறு, பத்துக்கு எட்டு என்று அவள் மதிப்பெண் சொன்னாள்.

“அடுத்தது. அவுட் ஒம்பது. நடை பதினாலு.”

“அய்யோ பாவம். வேகம் போயிடுச்சு இவனுக்கு. நடுவுல எறிஞ்சா அடிப்பாங்கன்னு ஓரமாவே எறியுறான். தோள்ல ஏதோ இருக்கணும். ரெண்டுதான் குடுப்பேன். யார் வீட்டுப் பிள்ளையோ, வீட்டுல யாராச்சும் எடுத்துச் சொல்லணும்.”

வில்டன் அடுத்த அட்டையை எடுக்கவில்லை.

“என்னடா?” என்றாள். அவன் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். மேலே ஹைரோவின் பெயர் இருந்தது.

மாலையில் ஹைரோ வந்தான். ஆட்டக்காரர்கள் பந்தயக் கடைக்குள் வரக் கூடாது; அவன் எப்போதும் தெருவில், சன்னலுக்கு வெளியேதான் நிற்பான்.

“அக்கா, நாளைக்குப் பாரு. தோள் சும்மா...”

“தோளைப் பத்தி இங்க வேண்டாம்டா. ராத்திரி வீட்டுக்கு வா. அம்மா முன்னால உள்ளதைச் சொல்லு.”

சிரிக்கப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் பலகையில் அவன் ஆட்டத்துக்கு நேரே காலியாக இருந்தது.

“எழுது. நான் பாக்குறேன்” என்றான்.

அவள் எழுதினாள். நூற்றில் எதிரணிக்கு அறுபத்திரண்டு, நம் அணிக்கு முப்பத்தெட்டு. கடையின் பங்கும் சேர்த்து, எதிரணிமேல் நூறு ஜெயிக்க நூற்றெழுபது கட்ட வேண்டும். நம் அணிமேல் நூறு கட்டினால் நூற்றைம்பது. சாக்குக்கட்டி பலகையில் தேயும் சத்தம் தெருவரை கேட்டது. நாளைய ஆட்டத்துக்குக் காசு கட்ட வந்த ரொட்டிக் கடைக்காரர் பலகையை அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், காசை மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹைரோ அதை வெகுநேரம் படித்தான்.

“இடது கையாலதான் சட்டை போடுறேன்க்கா, ஒரு மாசமா” என்றான். “அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அதற்குப் பிறகு அந்தக் கடையில் விலை இப்படித்தான் போடுகிறார்கள்: எறிகிறவனின் பெயரை மூடிவிட்டு, மைதானத்தில் நடந்ததை மட்டும் இன்னொருவர் படிக்க வேண்டும், எண்ணை எழுதி முடித்த பிறகே பெயரைத் திறக்க வேண்டும், திறந்த பிறகு எண்ணைத் தொடக் கூடாது.