மூடிய சமையலறை

மான்மானுக்கு இருமல் வந்து ஆறு நாளாகியிருந்தது. நான்கு வயதுக் குழந்தை. இருமத் தொடங்கினால் முகம் சிவந்து கண்ணில் நீர் கட்டிவிடும். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அதன்பிறகு கோங் அக்கா கைவைத்தியத்தில் இறங்கினாள். மலைப்பக்கத்து ஊரிலிருந்து சீனாவின் செங்டு நகரத்துக்கு வந்து, அந்த வீட்டில் எட்டு மாதமாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். பேரிக்காயின் தலையைச் சீவி, நடுவைக் குடைந்து, கற்கண்டும் இருமலுக்குப் போடும் சுவான்பெய்க் கிழங்குப் பொடியும் போட்டு, சீவிய மூடியைப் பல்குச்சியால் குத்தி, ஆவியில் வேகவைப்பாள். சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவாள்.

மூன்றே நாளில் இருமல் பாதியாகக் குறைந்தது. அம்மா ருவோலினுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பகலில் கண்ணே மூடாத தன் மகள் மதியம் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குவதை அலுவலகத்தில் கைப்பேசியில் பார்த்தபோது மனதை ஏதோ நெருடியது. கூடத்தில் ஒரு கேமரா வைத்திருந்தாள். குழந்தை தூங்கியதும் கோங் அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரை மணி நேரம் வெளியே வரமாட்டாள்.

பக்கத்து இருக்கை ஷுவாங்கிடம் சொல்லியிருக்கவே கூடாது.

"இருமல் மருந்துல தூக்கம் வரும்ல? ரெண்டு மூடி ஊத்திட்டா புள்ள கட்டையாட்டம் கிடக்கும். அவங்களுக்கு வேலை மிச்சம்," என்றாள் ஷுவாங்.

"சே, அவங்க அப்படி இல்ல."

"எல்லா வீட்லயும் இதத்தான் சொல்றாங்க."

அன்று மாலை கோங் அக்கா காயப்போட்ட துணியை எடுக்கப் போயிருந்த நேரத்தில் ருவோலின் மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"மான்மான், அக்கா உனக்கு பேரிக்கா மட்டுமா குடுத்தாங்க?"

"ம்."

"வேற?"

குழந்தை யோசித்தது. "அக்கா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

"என்ன சொல்லக் கூடாது?"

"சொல்லக் கூடாதே!"

கணவன் பெங்கிடம் சொன்னாள். "பொம்மைய உடைச்சிருக்கும், அத மறைச்சிருப்பாங்க. நீ எதுக்கு மனசைப் போட்டுக் குழப்பிக்கிற?" என்று அவன் திரும்பிப் படுத்துவிட்டான்.

மறுநாள் மதியம் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினாள். மான்மான் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ முனகுவது போல் கேட்டது.

கதவைத் தள்ளினாள். கோங் அக்கா தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பாதி தின்ற, வெந்த பேரிக்காய். மேடையில் ஒரு பழுப்புக் குப்பி, பாதி காலி.

"இது என்னக்கா?"

"இருமல் மருந்து. எனக்கு வாங்கினது, தங்கச்சி."

"மான்மானுக்குக் குடுத்தீங்களா?"

கோங் அக்கா துண்டை இறக்கினாள். "பெரியவங்க மருந்தை நான் புள்ளைக்குக் குடுப்பேனா?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்க."

"நான் இருமுறதை! இருமுற ஆள எவ புள்ளையத் தூக்க விடுவா? போன வீட்ல அன்னைக்கே பெட்டியக் கட்டுன்னுட்டாங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

அப்படியானால் குழந்தைக்கு ஒட்டியதே இவளிடமிருந்துதான். ருவோலின் அதைச் சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்க வேண்டும். கோங் அக்கா எழுந்து கிண்ணத்தைக் கழுவினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க. ரெண்டு பேரையும் காட்டிடுவோம்."

"சரிங்க," என்றாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக 'தங்கச்சி' போய் 'ங்க' வந்தது.

கோங் அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை, சளிக்காய்ச்சலின் மிச்சம். அவள் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் ருவோலின் டாக்டரிடம் தாழ்ந்த குரலில், குழந்தைக்கு யாராவது தூக்க மருந்து கொடுத்திருந்தால் ரத்தத்தில் தெரியுமா என்று கேட்டாள். டாக்டர் மான்மானைப் பார்த்தார். அவள் நாற்காலியில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னா எடுக்கலாம். எதுக்குச் சந்தேகம்?"

"பகல்ல தூங்குறா."

"ராத்திரி பூரா இருமின புள்ள பகல்ல தூங்காம என்னம்மா செய்யும்?"

ரத்தம் எடுக்க வேண்டாம் என்றாள் ருவோலின். ஆனாலும் மனம் முழுசாக ஆறவில்லை. நாலு நாள் ஊரில் போய் ஓய்வெடுங்கள், சம்பளம் பிடிக்கமாட்டேன் என்று கோங் அக்காவை அனுப்பிவைத்தாள். குப்பியைத் தானே குப்பையில் போட்டாள்.

அந்த நாட்களில் விடுப்பு போட்டுவிட்டுப் பேரிக்காயை அவளே வேகவைத்தாள். முதல் நாள் தண்ணீர் வற்றிக் கிண்ணம் வெடித்தது. இரண்டாம் நாள் சாறு ஒழுங்காக வந்தது. மான்மான் குடித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் தூங்கினாள். ருவோலின் எதிரே உட்கார்ந்து அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையால் கொடுத்தது பேரிக்காயும் கற்கண்டும் பொடியும் மட்டுமே.

கோங் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, திங்கக்கிழமை வந்துடுவீங்கல்ல?"

"வேற ஆள் பாத்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"பாக்கல."

"இருமல் இன்னும் லேசா இருக்குங்க."

"மாஸ்க் போட்டுக்கிட்டு வாங்க."

வந்தாள். இன்னும் இரண்டு வருஷம், மான்மான் பள்ளிக்குப் போகும்வரை, அந்த வீட்டில் இருந்தாள். அவள் வாயில் 'தங்கச்சி' திரும்ப வர அடுத்த வசந்தகாலம் வரை ஆயிற்று. டாக்டரிடம் கேட்டதை மட்டும் ருவோலின் அவளிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.