குள்ளியின் முதுகு

முதலில் அவள் கண்ணில் பட்டவை இறகுகள்தான். காலையில் தீவனம் வைக்கப் போனபோது கூண்டுத் தரையில் சிதறிக் கிடந்தன. கோழி என்றால் இறகு கொட்டத்தானே செய்யும் என்று கூட்டித் தள்ளினாள். நான்காம் நாள்தான் குள்ளியின் முதுகைப் பார்த்தாள். வாலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. தோல் சிவந்து, நடுவில் ஒரு மிளகளவுக்கு ரத்தம் கட்டியிருந்தது.

அவள் கணவர் இறந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஐந்து கோழிகளும் அவருடைய செல்லங்கள். மாலை ஆறு மணிக்குப் பட்டறையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்புறம் போய்விடுவார். "உங்க இன்னொரு குடும்பம் எப்படி இருக்கு?" என்று தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள். "மேனேஜர்தான் முறைக்கறாரு" என்பார். கொழுத்த கறுப்புக் கோழிக்குப் பட்டறை மேனேஜரின் பட்டத்தைச் சூட்டியிருந்தார். கால் குட்டையான பழுப்புக் கோழி குள்ளி. மற்ற மூன்றுக்கும் பெயர் உண்டா என்று அவள் கேட்டதே இல்லை. இப்போது கேட்க ஆளில்லை.

முக்காலியைக் கூண்டருகே போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மேனேஜர் ஒன்றும் அறியாததுபோல் நடந்து வந்து, குள்ளியின் முதுகிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி விழுங்கியது. குள்ளி கத்தக்கூட இல்லை. அடுத்து வெள்ளைக் கோழி வந்தது. பிறகு மற்ற இரண்டும்.

குள்ளியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். அவர் இறகுகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். "பேன் இல்லம்மா. கூண்டுல இடம் பத்துமா?"

"அவர் அளந்து கட்டினது. தாராளமா இருக்கும்."

"அப்ப பொழுது போகலை. வேலை இல்லாத அலகு பக்கத்துல இருக்கறவ முதுகைத்தான் தேடும். ரத்தத்தைப் பாத்துட்டா விடவே விடாது. சமீபத்துல கூண்டுல எதையாவது மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலை. சுத்தம் பண்ணினதோட சரி."

காயத்தின் மேல் கருநீல மருந்தைத் தடவி, ஆறும்வரை தனியே வைக்கச் சொன்னார். நாள் கணக்கில் பிரித்து வைத்தால் மற்றவை குள்ளியை மறந்து வேற்றாளாக நினைக்கும், அதனால் குள்ளியை வைக்கும் கூடை மற்றவற்றின் கண்ணில் படும்படி இருக்கட்டும் என்றும் சொன்னார். பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய தடித்த துணியில், இறக்கைகளை நுழைத்துக்கொள்ள இரண்டு வளையம் வைத்து, முதுகை மூடும் மேலங்கி ஒன்று தைத்தாள். அளவெடுக்கும்போது இத்தனை அமைதியாக நின்ற வாடிக்கையாளர் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

புதன்கிழமை வந்த தம்பி அந்த மேலங்கியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டே. நாளைக்கு அடுத்ததைக் கொத்தும். மாமா இருந்தார், பாத்துக்கிட்டார். உனக்கு இது ஒத்து வராது. கறிக்கடைக்காரர் தெரிஞ்சவர்தான். ஞாயித்துக்கிழமை பெட்டியோட வரேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. சரி என்றாள். ஆனால் அன்று ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு இரும்புக் கதவு சத்தமிட்டபோது, நான்கு கோழிகளும் கம்பிவலைப் பக்கம் ஓடி வந்து கழுத்தை நீட்டி நின்றன. அவளும் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்திருந்தாள். அந்தச் சத்தத்துக்கு இன்னும் நிமிர்கிறவர்கள் இந்த வீட்டில் இவர்கள்தான். இவை போய்விட்டால் அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை காய்கறிக் கடையில் கடைக்காரம்மா கேட்டாள்: "ஏம்மா, முட்டைக்கோஸ் வேண்டாமா?"

"எங்க வீட்டுல அதை யாரும் தொட மாட்டோமே."

"தெரியும்மா, கோழிக்குத்தானே. சனிக்கிழமையானா வருவாரே. தண்டோட இருக்கணும், கயித்துல கட்டித் தொங்கவிடணும்னு என் கடையையே புரட்டிப் போடுவாரு."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள், என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைத் துடைத்தாள். கூண்டையும் கழுவினாள். கூரையிலிருந்து அழுக்கேறிய கயிறு ஒன்று தொங்கியது. யார் கழுத்திலாவது மாட்டப்போகிறது என்று வெட்டிக் குப்பையில் போட்டாள். துணி வெட்டும் கத்தரியாலேயே வெட்டினாள். அதை அவர் கயிற்றுக்கு எடுத்துவிட்டால் முனை மழுங்கிவிடும் என்று இரண்டு நாள் பேசமாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முட்டைக்கோசைக் கட்டித் தொங்கவிட்டாள். அது தரையைத் தொட்டபடி நின்றது. மேனேஜர் அதன்மேல் உரிமை கொண்டாடி, கிட்டே வந்தவர்களை எல்லாம் விரட்டிக் கொத்தியது. நிலைமை முன்பைவிட மோசம். அவிழ்த்துவிட நினைத்துக் கூண்டுக்குள் குனிந்து போனபோது கம்பத்தில் ஏதோ ஒட்டியிருப்பது தெரிந்தது. காய்ந்த இலைத் துணுக்குகள். எல்லாம் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, ஒரே உயரத்தில். கழுவியபோது அவை அவள் கண்ணில் படவில்லை.

விரலால் அந்த உயரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்து, அதே மட்டத்துக்கு ஏற்றிக் கட்டினாள்.

மேனேஜர் எம்பிக் கொத்தியது. முட்டைக்கோஸ் ஆடி எதிர்ப்பக்கம் போக, அங்கே நின்ற வெள்ளைக்கு ஒரு வாய் கிடைத்தது. ஆடுகிற பொருளுக்கு யாரும் காவல் நிற்க முடியவில்லை. அன்று முழுக்க யார் அலகும் யார் முதுகையும் தேடவில்லை.

ஞாயிறு காலை தம்பி பெட்டியோடு வந்தபோது அவள் குள்ளிக்கு மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். மருந்துக்கு அடியில் தோல் உலர்ந்திருந்தது. "கொஞ்சம் இரு," என்று சொல்லிக் குள்ளியைக் கூண்டுக்குள் விட்டாள். இது நடக்காவிட்டால் பெட்டிதான் என்று அவளுக்கும் தெரியும்.

மேனேஜர் வந்து மேலங்கியை ஒரு முறை கொத்தியது. துணிதான் வாயில் வந்தது. இன்னொரு முறை கொத்தத் தலையைத் தாழ்த்தியது. பின்னால் முட்டைக்கோஸ் ஆடியதும் திரும்பிப் போய்விட்டது. சற்றுப் பொறுத்துக் குள்ளியும் அந்தக் கும்பலின் ஓரத்தில் போய் நின்று, கீழே விழுந்த துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கியது.

தம்பி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"அப்ப பெட்டி?" என்றான் தம்பி.

"வெச்சுட்டுப் போ. முட்டைக்கோஸ் வாங்கிப் போட ஆகும்." பிறகு கேட்டாள்: "மத்த மூணுக்கும் பேர் உண்டா? உனக்குத் தெரியுமா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "ரெண்டுக்குத் தெரியாது. அந்த வெள்ளைக்கு உன் பேரைத்தான் வெச்சிருந்தார். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னார்."

"ஏனாம்?"

"முட்டை போடறதுக்கு முன்னாடி ஊரையே கூட்டுமாம்."

கம்பிவலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு வெள்ளைக் கோழியையே பார்த்தாள். அது எம்பியது, தவறியது, மறுபடி எம்பியது.